கூட இருக்க ஓர் ஆள்

வெள்ளாரை எஸ்டேட்,
வித்துரா வழி.
10-5-2003

பிரஜினுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. பாதிவரையாவது வாசி, அப்புறம் உன் இஷ்டம்.

என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. அதற்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஆரியசாலை மாடியில் நாம் இரண்டு பேருமாக வைத்த கம்ப்யூட்டர் கடையைப் பாதியில் போட்டுவிட்டு நான் தங்கப்பனைக் கட்டிக்கொண்டு மலையேறிவிட்டேன் என்று உனக்குக் கோபம். இருக்கட்டும். அந்தச் சண்டையைப் போட ஆயுசு கிடக்கிறது. இப்போது வேறு விஷயம்.

எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. எஸ்டேட் ஃபாக்டரி பூட்டிக் கிடப்பதால் தங்கப்பன் மாசியிலேயே சவூதிக்குப் போய்விட்டார். என் கால் இரண்டும் வீங்கிப் பழைய செருப்பு எதுவும் சேரவில்லை. பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. இங்கே வந்து போகும் நர்ஸ் எலிசாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "சேச்சி, ஈ பிரஷரும் வச்சு இவிட இருக்காண்டாம். மழ தொடங்கினா ரோடு போகும். அதுக்கு முன்னே தாழ எறங்கிக்கோ. தனிச்சு பஸ்ஸுல ஏறவும் செய்யாதே, ஜன்னி வந்துடும்."

நம்மூர் ஆஸ்பத்திரி வழக்கம் உனக்குத் தெரியாததல்ல. கூட நிற்க பைஸ்டாண்டர் இல்லாத ஆளுக்குக் கட்டில் கிடையாது. பிரசவ வார்டுக்குள்ளே ஒரு பெண், வெளியே ரத்தத்துக்கும் மருந்துக்கும் கையெழுத்துக்கும் ஓட ஓர் ஆண். அம்மாவும் அப்பாவும் போய்விட்ட பிறகு எனக்கு நீ ஒருத்தன்தான். நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

இங்கே போன் இல்லை. காலையில் வந்து திரும்பும் பஸ்ஸின் கண்டக்டர் லிங்கம் அண்ணனிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் கடையில் சேர்த்துவிடுவார். பதிலையும் அவரிடமே கொடு.

மழைக்கு முன்னால் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா
கலைச்செல்வி


ஆரியசாலை,
12-5-2003

அக்கா,

கிழிக்கவில்லை. திரும்பத் திரும்ப வாசித்தேன். வருகிறேன், கட்டாயம் வருகிறேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது!

கீழே தையல் கடை வைத்திருக்கிறாளே சபீனா, அவளிடம் பேசிவிட்டேன். "நீங்க கொண்டு வாங்க சேட்டா, உள்ள நான் நின்னோளாம்" என்று வார்டுக்குள்ளே நிற்க ஒப்புக்கொண்டுவிட்டாள். முன்னறையை உனக்காக ஒழித்து வைக்கிறேன். வெளியே நிற்க நான் இருக்கிறேன்.

ஒரே ஒரு தடங்கல். ஒரு கட்டடக் கம்பெனிக்குப் படம் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்னும் கட்டாத பிளாட்டுக்குள் ஒருவர் நடந்து போவது போல, கம்ப்யூட்டரிலேயே செய்கிற படம். ஜூன் ஐந்தாம் தேதி அவர்கள் விழாவில் அதைக் காட்ட வேண்டும். இருப்பது ஒரு மிஷின். ஆயிரக்கணக்கான சித்திரங்களை அது ஒவ்வொன்றாக வரைந்து அடுக்க வேண்டும். கம்பெனியில் வைத்த பிறந்த வேகத்தில் ஓடவிட்டால் ஜூன் பத்தாகிவிடும். உன்னைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அப்புறம் நான் வாசலைவிட்டு நகர முடியாது. ஆகவே முதலில் இதை முடித்துவிட வேண்டும்.

அதனால் வேகத்தை ஏற்றுகிறேன். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் மெகாஹெர்ட்ஸில் பிறந்த பிராசசரை இரண்டாயிரத்து நூறுக்குக் கொண்டு போகப் போகிறேன். சூட்டுக்கும் வழி பார்த்தாயிற்று. சாலை பஜாரில் மீன்தொட்டி மோட்டார் ஒன்று வாங்கி, லேத்தில் கடைந்த செம்புக் கட்டியைப் பிராசசர் மேல் வைத்து, அதற்குள் தண்ணீர் ஓடும்படி செய்திருக்கிறேன். நீ பார்த்தால் அசந்துவிடுவாய். மே 28இல் படம் முடியும், 29ஆம் தேதி உன் வாசலில் நிற்பேன்.

உன்னைச் சீக்கிரம் கூட்டி வரத்தான் இத்தனையும்.

பிரஜின்


வெள்ளாரை எஸ்டேட்
14-5-2003

தம்பி பிரஜின்,

லிங்கம் அண்ணன் கடிதத்தை நீட்டினார். வாசித்துவிட்டு அழுதேன். பக்கத்து லயத்து வீட்டு மாடம்மாள் பயந்துபோய், "ஏட்டி, சவூதியில ஒண்ணும் இல்லல்லா?" என்று ஓடி வந்தாள். என் தம்பி வருகிறான் என்றேன். "அவனுக்கு இப்பந்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

இனி மிஷின் விஷயம். வேகத்தை ஏற்றுவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன், உன்னோடு சேர்ந்து நானும் ஏற்றியவள்தான். ஆனால் நீ எப்போதும் ஒரே தாவாகத் தாவுவாய். ஒரு படி ஏற்று, ஒரு நாள் முழுக்க வேலை கொடுத்து ஓடவிடு, தாங்கினால் அடுத்த படி. வோல்ட்டைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், அதுவும் கஞ்சத்தனமாக.

அது நான் வாங்கி வைத்த தைவான் மதர்போர்டுதானா? பிராசசர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் செம்புக் கம்பி சுற்றிய காயில் எத்தனை நிற்கிறது என்று எண்ணி எழுது. யூ.பி.எஸ். கம்பெனி டெஸ்ட் பெஞ்சில் ஆறு வருஷம் கையைச் சுட்டுக்கொண்டவள் கேட்கிறேன். பிராசசர் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் அவனுக்குச் சோறு போடுவது அந்தக் கூட்டம்தான். எல்லாரும் அவனைத்தான் பார்ப்பார்கள். நீயும் அப்படித்தான்.

நேற்று இங்கே மேகம் கூடிற்று, ஆனால் பெய்யவில்லை.

அக்கா


ஆரியசாலை,
20-5-2003

அக்கா,

காயில் இரண்டு. அதை ஏன் கேட்டாய் என்று தெரியவில்லை. சூட்டைப் பற்றி நீ கவலைப்படவே வேண்டாம். முன்பு அறுபத்திரண்டு காட்டிக்கொண்டிருந்த பிராசசர் இப்போது நாற்பத்து நான்கு டிகிரியில் இருக்கிறது. வெறும் நாற்பத்து நான்கு! வேகம் இரண்டாயிரத்து நூறு. வோல்ட் 1.85 கொடுத்திருக்கிறேன்.

ஆனாலும் சனியன் ஹாங் ஆகிறது. மூன்று மணி நேரம் அருமையாக ஓடும், பிறகு சித்திரம் பாதியில் உறைந்து நின்றுவிடும். ரீசெட் அமுக்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவைக்க வேண்டும். மெமரியை மாற்றினேன். விண்டோஸைத் திரும்பப் போட்டேன். பயன் இல்லை. மேஜைக்கு அடியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறேன். மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், சித்திரம் நின்றுவிட்டதா என்று அடிக்கடி எழுந்து பார்ப்பேன். குளிக்கப் போகவே பயமாக இருக்கிறது. சபீனாதான் டீ கொண்டுவந்து வைக்கிறாள்.

இப்படி நின்று நின்று ஓடுவதால் 28 முடியாது போலிருக்கிறது. 31 என்று வைத்துக்கொள். என்ன காரணம் என்று உனக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுது. உன்னைவிட்டால் எனக்குக் கேட்க ஆள் இல்லை.

பிரஜின்


வெள்ளாரை எஸ்டேட்
22-5-2003

பிரஜினுக்கு,

உன் கடிதத்தில் பிராசசருக்கு எத்தனை டிகிரி என்று இருக்கிறது. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. போகட்டும், நானே சொல்கிறேன். பிரஷர் நூற்றைம்பதுக்கு நூறு. தலைவலி விட்டபாடில்லை. எலிசாள் மாத்திரை கொடுத்துவிட்டு, "தம்பி எப்ப வரும்?" என்று கேட்டாள். 31 என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

இனி உன் மிஷின். பழைய ஃபேனை என்ன செய்தாய்? கழற்றிப் பெட்டியில் போட்டிருப்பாய். அங்கேதான் கெட்டது.

பவர் சப்ளை தருவதைப் பிராசசர் அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது. அதை ஒன்றரை வோல்ட் அளவுக்குக் குறைத்து, நாற்பது ஆம்பியருக்கு மேல் ஒரு நொடி விடாமல் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் மாஸ்ஃபெட்டும் காயிலும் கப்பாசிட்டரும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. உன் போர்டில் இரண்டு காயில் என்றால் இரண்டே பேர் மாறி மாறிச் சுமக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னும் நல்ல போர்டில் மூன்று பேர் இருப்பார்கள். நீ வேகத்தையும் வோல்ட்டையும் ஏற்றியதும் சுமை ஏறிற்று, ஆள் ஏறவில்லை.

மேலிருந்து ஊதிய பழைய ஃபேனின் மிச்சக் காற்று அந்த இரண்டு பேருக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது. நீ தண்ணீர் வைத்தாய், பிராசசர் குளிர்ந்துவிட்டான், காற்று நின்றுபோயிற்று. நீ பெருமையடிக்கும் நாற்பத்து நான்கு அவனுடைய சூடு. மாஸ்ஃபெட்டின் சூட்டைச் சொல்ல அந்த போர்டில் சென்சாரே கிடையாது. அது வெந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியவே தெரியாது.

முழு வேலையில் ஓடும்போது வோல்ட் என்ன காட்டுகிறது என்று பார். 1.85 என்று நீ வைத்தது கீழே இறங்கியிருக்கும். பிறகு கரண்டைப் பிடுங்கிவிட்டு, காயிலுக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார். கரண்டைப் பிடுங்கிவிட்டு! உன்னை எனக்குத் தெரியும்.

அக்கா


ஆரியசாலை,
25-5-2003

அக்கா,

விரலில் கொப்புளம். கரண்டைப் பிடுங்கிவிட்டுத்தான் வைத்தேன், அப்படியும் தோல் உரிந்துவிட்டது. வோல்ட் 1.68க்கு இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. நீ மலைமேல் உட்கார்ந்துகொண்டு அப்படியே நேரில் பார்த்தது போல் எழுதியிருக்கிறாய். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நாம் சேர்ந்து வேலை செய்த நாட்கள் நினைவு வந்துவிட்டது.

பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு மேஜை ஃபேனைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பகல், ஓர் இரவு ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிற்று. நான் ஆனந்தமாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் பட்டாசு வெடித்தது போல ஒரு சத்தம். ஒரு கப்பாசிட்டர் தலை பிளந்து, அறை முழுக்கப் புளித்த நாற்றம். முன்பே வெந்து உப்பியிருந்ததை நான் கவனிக்கவில்லை. ஃபேன் வைப்பதற்குள்ளேயே அதன் காரியம் முடிந்திருக்கிறது.

ஒரு நாள் முழுக்க மிஷின் செத்துக் கிடந்தது. அந்த ஒரு நாள் நான் எப்படி இருந்தேன் என்று எழுத முடியாது. சாலை பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து கப்பாசிட்டர் வாங்கிப் பற்றவைத்தேன். இப்போது ஓடுகிறது. ஆனால் மறுபடி நிற்கிறது, ஃபேன் இருந்தும் நிற்கிறது. கிட்டேயே இருந்து எழுப்பி எழுப்பி விடுகிறேன்.

31 நடக்காது அக்கா. ஜூன் 3. அதற்குமேல் ஒரு நாள்கூடத் தள்ளாது. தலைவலி எப்படி இருக்கிறது? மாத்திரை சாப்பிடுகிறாயா?

பிரஜின்


வெள்ளாரை எஸ்டேட்
27-5-2003

தம்பி,

தலைவலி அப்படியேதான் இருக்கிறது. கேட்டாயே, அதுவே போதும்.

ரேடியோவுக்குப் போடும் கப்பாசிட்டர் அங்கே ஆகாது. நூற்றைந்து டிகிரி தாங்குவதாக, வேகமாக நிரம்பி வேகமாகக் கொடுப்பதாக இருக்க வேண்டும். அது சாலை பஜாரில் கிடைக்காது, எர்ணாகுளத்தில் சொல்லிவைத்தால்தான் வரும். நீ மாட்டியது உன் வேகத்துக்குத் தாங்காது. அதுதான் நிற்கிறது.

இதைச் சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்துவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். நேற்றுப் படுத்துக்கொண்டே யோசித்தேன். நாம் இரண்டு பேரும் எவ்வளவு பெரிய முட்டாள்கள் பிரஜின்! கப்பாசிட்டர், காயில் என்று நானும் உன்னோடு சேர்ந்து குதிக்கிறேனே தவிர, இது எனக்குத் தோன்றவே இல்லை. பிறந்த வேகத்தில் விட்டால் அந்த மிஷின் ஹாங் ஆகுமா? ஆகாது. எத்தனை நாள் அதைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறோம். அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். என்னிடம் சீக்கிரம் வர வேண்டும் என்றுதானே வேகத்தை ஏற்றினாய்? ஏற்றியதால்தான் நீ அதைவிட்டு நகர முடியவில்லை. இப்போது அந்த மிஷினுக்கு நீ பைஸ்டாண்டர். எனக்கு ஆள் இல்லை.

வேகத்தைக் கீழே இறக்கு. அந்தப் பழைய ஃபேனையே மாட்டு. அறையைப் பூட்டிச் சாவியைச் சபீனாவிடம் கொடு. படம் ஐந்தாறு நாள் தாமதமாகும் என்று அந்தக் கம்பெனிக்காரரிடம் போய்ச் சொல்லு. திட்டுவார், வாங்கிக்கொள். நாளைக் காலை பஸ்ஸில் ஏறி வா.

மாடம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, மூஞ்சியும் வீங்கிப் போச்சே, கூடப் பொறந்தவன் எங்கடி?" என்கிறாள்.

அக்கா


ஆரியசாலை,
29-5-2003

அக்கா,

சொல்லுவது சுலபம். ஐந்தாறு நாள் தாமதம் என்று சொன்னால் அவர் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார். அப்புறம் இந்தக் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் இந்த மாடி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னையும் பிள்ளையையும் எங்கே கொண்டுபோவேன்? இதையெல்லாம் நீ யோசித்தாயா?

எழுதக் கூடாது என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். நீ இருந்தபோது ஓர் ஆள் தூங்கினால் இன்னோர் ஆள் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் சாயங்காலம், "நான் தங்கப்பனைக் கட்டிக்கப் போறேன்டா" என்று சொல்லிவிட்டு உன் சால்டரிங் அயர்னைக்கூட எடுக்காமல் போய்விட்டாய். அன்றிலிருந்து நான் தனி ஆள். நீதானே என்னைவிட்டுப் போனாய்? இப்போது நான் வரவில்லை என்று குத்திக் காட்டுகிறாய். கல்யாணத்துக்கு வராதது தப்புதான். ஆனால் அன்றைக்கு இந்த அறையில் நான் எப்படிக் கிடந்தேன் என்று நீ ஒரு தடவையாவது கேட்டாயா?

இன்னும் நாலே நாள். முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிட்டது. இந்த நிலையில் வேகத்தைக் குறைப்பது கரைக்கு வந்த வள்ளத்தைத் திரும்பக் கடலுக்குத் தள்ளுவது மாதிரி. நாலு நாள் பொறுத்துக்கொள். மழை ஜூன் பாதிக்குத்தான் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். ஆனாலும் அனுப்புகிறேன்.

பிரஜின்


வெள்ளாரை எஸ்டேட்
1-6-2003

பிரஜின்,

மழை வந்துவிட்டது. நேற்று மத்தியானம் தொடங்கியது, இன்னும் விடவில்லை. கீழே வளைவில் மண் இறங்குகிறதாம். நாளைக்குப் பஸ் மேலே வருமோ என்னவோ என்று லிங்கம் அண்ணன் சொல்கிறார். இன்றைக்கே அந்தப் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று எழுந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது, மாடம்மாள் பிடித்துப் படுக்கவைத்துவிட்டாள்.

கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் புள்ளிகள் பறக்கின்றன. எலிசாளும் வர முடியவில்லை. நீ எழுதியதெல்லாம் நியாயம்தான். நான் உன்னைக் கேட்காமல் போனேன். உன்னைத் தனியாக விட்டேன். அதற்கு எத்தனை திட்ட வேண்டுமோ அத்தனையும் நேரில் வந்து திட்டு. நான் வாயே திறக்கமாட்டேன்.

பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கெஞ்சுகிறேன், வந்துவிடு.

கலை


ஆரியசாலை,
5-6-2003

அக்கா,

இதைச் சபீனாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீ கண் திறந்துவிட்டாய், பேசுகிறாய் என்று அவள்தான் வந்து சொன்னாள்.

உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ தெரியாது. எல்லாம் நான் பிறரிடம் கேட்டதுதான். இரண்டாம் தேதி காலையில் மாடம்மாள் வீட்டில் உனக்கு ஜன்னி வந்தது. எஸ்டேட் ஆட்கள் உன்னை நாற்காலியில் வைத்துக் கட்டி, மண் சரிந்த இடத்தைத் தாண்டிச் சுமந்து கொண்டுவந்தார்கள். மேலே வர முடியாமல் அங்கே நின்ற லிங்கம் அண்ணனின் பஸ்ஸில் ஏற்றினார்கள். அந்தப் பஸ் வழியில் ஒரு ஸ்டாப்பிலும் நிற்காமல் நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்திருக்கிறது. அங்கே பைஸ்டாண்டர் எங்கே என்று கேட்டதும் லிங்கம் அண்ணன் என்னைத் தேடி ஓடி வந்தார்.

அவர் கதவைத் தட்டினார். நான் உள்ளே இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் வந்த உன் கடிதம் மேஜைமேல்தான் இருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டு, நாளை முடிந்துவிடும், மறுநாள் போய்விடலாம் என்று வைத்துவிட்டேன். அவர் தட்டும்போது கடைசிப் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. நின்றுவிடுமோ என்று திரையைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. இன்னொரு கடிதம் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். "கதவுக்கு அடியில போட்டுட்டுப் போங்கண்ணே, அப்பறம் வாசிக்கேன்" என்றேன்.

அவர் இன்னொரு தடவை தட்டினார். பிறகு, "போடுகதுக்கு லெட்டர் ஒண்ணும் இல்லடே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் எழுந்திருக்கவில்லை. கீழே அவர் சொல்லக் கேட்டு சபீனா பாதி தைத்த யூனிஃபார்மைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். உன் தங்கச்சி என்று சொல்லி ஆபரேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பேரைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒன்றும் கேட்கவில்லையாம்.

மிஷின் மறுபடி நின்றது, அந்தக் கடைசிப் பகுதி முழுக்கத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. சிகரெட் வாங்கலாம் என்று இறங்கி வந்தேன். தையல் கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் வந்தேன் அக்கா. வார்டு வாசல்வரை வந்தேன். கதவு திறந்தபோது உன்னைப் பார்த்தேன். மூக்கில் குழாய், முகம் யாரோ போல ஊதியிருந்தது. குறைமாசப் பிள்ளைகளை வைக்கும் நர்சரிக் கண்ணாடி வழியாக உன் மகனையும் பார்த்தேன். என் உள்ளங்கை அளவுதான் இருந்தான். ரத்தம் கேட்டார்கள், கொடுத்தேன். அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் முடியவில்லை, திரும்பி வந்துவிட்டேன்.

வந்ததும் மிஷினைப் பிறந்த வேகத்துக்கு இறக்கினேன். பழைய ஃபேனை மாட்டினேன். மூன்று நாளாக ஓடுகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. நான் அதன் பக்கத்தில் போகவே இல்லை. நீ சொன்ன அன்றைக்கே இதைச் செய்திருக்கலாம். கம்பெனிக்காரரிடம் போய் இன்னும் சில நாளாகும் என்று சொன்னேன். "மழ கழிஞ்ஞிட்டு மதியடோ, ஒரு ஆழ்ச்ச ஒண்ணும் சாரமில்ல" என்றார். மழை விட்ட பிறகு தந்தால் போதுமாம், ஒரு வாரம் ஒன்றும் பெரிதில்லையாம். அவ்வளவுதான் அக்கா. அவ்வளவுதான் அந்த விஷயம்.

உன் முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. இந்த அறையிலும் இருக்க முடியவில்லை. எங்கேயாவது போய்விடலாம் என்று தோன்றுகிறது. முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன். சாவி சபீனாவிடம் இருக்கும். நீயும் அவனும் இங்கே இருந்துகொள்ளுங்கள்.

பிரஜின்


பிரசவ வார்டு
6-6-2003

பிரஜினுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணும். உட்கார்ந்தால் தையல் இழுக்கிறது.

எனக்குக் கோபம் இருக்கிறது. கொஞ்சம் நஞ்சம் இல்லை. நாற்காலியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தது எனக்கு நினைவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அந்த வாசலைப் பார்த்துப் பார்த்துப் படுத்துக் கிடந்தது முழுக்க நினைவிருக்கிறது. லிங்கம் அண்ணனிடம் நீ சொன்னதை நீயே எழுதாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது, அவர் வாயைத் திறக்கவில்லை. ஏன்டா எழுதினாய்? அதையும் இனி நான் சுமக்க வேண்டும்.

முகம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன் முகத்தை வைத்துக்கொண்டு இங்கே யாருக்கு என்ன ஆக வேண்டியிருக்கிறது? எங்கேயாவது போய்விடுகிறாயாமே. போவதற்கு நல்ல நேரம் பார்த்தாய்.

அவன் மேல்மாடி நர்சரியில் இருக்கிறான். நான் இன்னும் அவனைத் தொடவில்லை. அவனுக்கு உறிஞ்சத் தெம்பில்லையாம். இங்கே நான் பாலைப் பீய்ச்சிச் சின்ன ஸ்டீல் டம்ளரில் கொடுக்கிறேன், இத்தனை நாளும் சபீனாதான் மாடி ஏறி இறங்கி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இரவு பகல் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, தைக்க வாங்கிய யூனிஃபார்ம் அத்தனையும் கடையில் குவிந்து கிடக்கிறது, சனங்கள் வந்து வாசலில் நின்று சத்தம் போடுகிறார்களாம். அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நின்றுகொண்டே தூங்குவதை நான் பார்த்தேன். இதை உன்னிடம் கொடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகும்படி அவளிடம் சொல்லிவிட்டேன். நர்ஸிடம் கேட்டேன். என் டம்ளரை வார்டு வாசல்வரை ஆயா கொண்டுவந்து தருவாள். அங்கிருந்து நர்சரிக்குக் கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். ஆறுவதற்குள் கொண்டுபோக வேண்டும்.

கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. அது எப்போது வரும், வருமா என்று எனக்கே தெரியாது. அடுத்த பால் சாயங்காலம் ஆறு மணிக்கு. வாசலில் நில்லு.

அக்கா